வியாழக்கிழமை நாற்காலி

நர்ஸ் விடுதி,
பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம். என் முட்டிவலி என்னைவிடச் சுகம். மாடிப்படியைக் கண்டால் போதும், எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. நீயும் டீச்சரும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுடைய தொண்டைக்கட்டு விட்டதா? கத்திச் சொன்னால்தான் கணக்கு மண்டையில் ஏறும் என்று உன் வீட்டுக்காரிக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

நாட்டில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்று வருடம் முழுக்க உட்கார்ந்து கூட்டிக் கழித்து உங்கள் அலுவலகத்தில் அச்சடிக்கும் தடிப் புத்தகம் வந்து சேர்ந்தது. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் எங்கே மிகக் குறைவு என்ற பட்டியலில் எங்கள் மருத்துவமனைக்கு முதலிடம். பெரிய டாக்டர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தன் அறை வாசலில் மாட்டிவிட்டார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் இந்தப் பிரசவ வார்டுக்குத் தலைமை நர்ஸாக வந்தே ஒரு மாதம்தான் ஆகிறது. அந்த டீயில் எனக்குப் பங்கு கிடையாது. ஆனாலும் குடித்தேன்.

போன வாரம் நாள் ஆவதற்கு முன்பே ஒரு குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பெண் குழந்தை. மூச்சு விட்டது, தம்பி. நான் பார்த்தேன். என் விரலைச் சுற்றிப் பிடித்தது. துண்டைச் சுட வைத்துப் போர்த்தினோம், மூச்சுப் பையை வைத்து அமுக்கினோம். எங்களிடம் வேறு என்ன இருக்கிறது? கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. ‘உயிருடன் பிறந்தது, பின் இறந்தது’ என்று நான் எழுதினேன். பெரிய டாக்டர் வந்தார், பார்த்தார், அடித்துவிட்டு ‘உயிரற்றுப் பிறந்தது’ என்று எழுதினார்.

"என்ன டாக்டர் இது? மூச்சு விட்டுச்சே!" என்றேன்.

"தெரியும்மா. அந்தப் பொண்ணோட புருஷன் ஒரே நாள்ல பிறப்புச் சான்றிதழுக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் போய் வரிசையில நிக்கணுமா? ஒரு காகிதம் போதும். ரெண்டு எதுக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் அங்கேயே என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும்.

நீ சொல். எங்கள் முதலிடம் இப்படித்தான் வந்ததா? விதி என்ன என்று எனக்குத் தெளிவாக எழுது. டீச்சரை வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். டீச்சரின் தொண்டை சரியாகிவிட்டது என்பதைத் தெருவே அறியும். உன் முட்டிக்கு எண்ணெய் தேய்த்து ஏமாற்றாமல் எலும்பு டாக்டரிடம் காட்டு. மருத்துவமனையிலேயே இருந்துகொண்டு வைத்தியம் பார்க்காத ஆள் நீ ஒருத்திதான்.

விதியைக் கேட்டாய். எங்கள் அலுவலகத்தில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தாயைவிட்டு வெளியே வந்த குழந்தையிடம் ஒரு மூச்சு, ஒரு துடிப்பு, ஒரு அசைவு, எது இருந்தாலும் அது உயிருடன் பிறந்த குழந்தை. எவ்வளவு நேரம் இருந்தது என்பது கணக்கில்லை. பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று, இறப்புக்குக் காரணம் ஒன்று. உயிரற்றுப் பிறந்தது என்று எழுதிவிட்டால் அது எங்கள் இறப்புப் பட்டியலுக்குள்ளேயே வராது. எதனால் போனது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீ தோண்டி எடுத்துவிடுவாய். அடுத்த வருடம் சில மருத்துவமனைகளுக்குப் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவு தரப்போகிறார்கள். சூட்டுப் பெட்டி, மூச்சுக் கருவி, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் எல்லாம் சேர்த்து. எங்கே அதிகக் குழந்தைகள் இறக்கின்றனவோ அங்கே முதலில். டிசம்பரில் எங்கள் எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இப்போதைய எண்களின்படி அந்த வரிசையில் உன் மருத்துவமனை கடைசி.

வந்த உடனேயே சண்டையில் இறங்காதே. பெரிய டாக்டருக்கு அங்கே நல்ல பெயர். நீ புது ஆள்.

உன் தம்பி

*

நர்ஸ் விடுதி,
மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

நலமா? நான் நலம். எலும்பு டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். அவர் உடம்பைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். சண்டை போடாதே என்றாய், போட்டேன். "முதலிடத்துக்காகக் குழந்தைகளை மறைக்கிறீங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். மனிதர் முகம் சுருங்கிப்போயிற்று. "முதலிடமா? அது வரும்னு எனக்குத் தெரியவே தெரியாதேம்மா. நான் இருபது வருஷமா இப்படித்தான் எழுதறேன்" என்றார். அது பொய்யில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு சூட்டுப் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். நாம் எழுதாமல் விட்ட ஒவ்வொரு குழந்தையும் அடுத்த குழந்தைக்கு வரவேண்டிய பெட்டியை வேறு ஊருக்கு அனுப்புகிறது என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இனிமேல் உள்ளபடி எழுதலாம் என்று ஒத்துக்கொண்டார்.

ஆனால் இனிமேல் எழுதுவது டிசம்பருக்குப் போதாது. பழையதையும் திருத்தவேண்டும். இங்கிருக்கும் நர்ஸ்களில் ஒருத்தியும் மறக்கவில்லை. ‘அந்த மழை நாள்ல பொறந்த இரட்டையில மூத்தது’ என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். பாதிக்கு மேல் குளிரில் போன குழந்தைகள், தம்பி. சூடு இருந்திருந்தால் பிழைத்திருக்கும். இதைக் கேட்டபிறகு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. எத்தனை வருடம்வரை திருத்தலாம், என்ன மனு, யார் கையெழுத்து? எல்லாம் அனுப்பு.

ஒன்று சொல்லவேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால், நீ இந்த ஊரில் வேலையாக இருந்தபோது, உங்கள் குழந்தையும் இதே வார்டில்தான். அப்போது நான் வேறு ஊரில் இருந்தேன், மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். உயிரற்றுப் பிறந்தது என்று நீ சொன்னாய், நான் அழுதேன், அதோடு விட்டோம். இப்போதும் நான் எதுவும் கேட்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை மட்டும் எழுது.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. அலுவலகத்தில் வேலை தலைக்குமேல். போதாததற்குக் கோடை மழையில் கூரை ஒழுகி மூன்று மாவட்டத்தின் காய்ச்சல் இறப்புகள் நனைந்துவிட்டன. கொடியில் போட்டுக் காயவைத்தோம். நாங்கள் நலம். வெயில் இங்கே அதிகம். நீ தண்ணீர் நிறையக் குடி.

மனுப் படிவங்களை இதோடு வைத்திருக்கிறேன். ஐந்து வருடம்வரை திருத்தலாம். பிரசவத்தின்போது இருந்த நர்ஸ் அல்லது டாக்டரின் சான்று வேண்டும். பெற்றோரில் ஒருவருடைய வாக்குமூலமும் கையெழுத்தும் கட்டாயம். அது இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் காரணத்துக்காகவும் நீயே நிரப்பாதே.

டீச்சருக்கு இதைப் பற்றி எதுவும் எழுதவேண்டாம். பரீட்சைத் தாள் திருத்துகிற நேரம். அவளுக்கு வேலை அதிகம்.

உன் தம்பி

*

நர்ஸ் விடுதி,
மே 15

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் நலம் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதல் மனுவுக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குப் போனேன். பள்ளிச் சீருடை தைக்கிற பெண். இரண்டு வருடத்துக்கு முன் ஆண் குழந்தை. அப்போது டூட்டியில் இருந்த நர்ஸ் மூச்சு விட்டதைப் பார்த்தவள். சான்று எழுதித் தந்திருக்கிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு கையெழுத்துத்தான் பாக்கி என்ற நினைப்பில், மடச்சி நான், வாசலில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள். "என்ன சொன்னீங்க?" என்றாள். திரும்பச் சொன்னேன்.

"செத்தே பொறந்துச்சுன்னு சொன்னீங்க. நீங்கதானே சொன்னீங்க? அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் எழுந்து நடமாடுறேன். இப்ப வந்து உயிரோட இருந்துச்சுங்கறீங்க. அப்ப ஏன் என்கிட்டக் குடுக்கல? ஏன் காப்பாத்தல? போங்க சிஸ்டர். போயிடுங்க."

கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டுத் தையல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் படியிறங்கி வந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது, தம்பி. ஒரு எண்ணைச் சரி செய்யப் போய் ஒருத்தி தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆனால் விடப்போவதில்லை. இனி யார் வீட்டு வாசலுக்கும் போகமாட்டேன், அவ்வளவுதான். வார்டு முகப்பில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன்: ‘இங்கே குழந்தையை இழந்தவர்கள், அந்த நாளைப் பற்றிக் கேட்க விரும்பினால், வியாழக்கிழமை பிற்பகல் வரலாம். தெரிந்ததைச் சொல்வோம்.’ கடைசி அறையைக் கூட்டி, இரண்டு நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. அடுத்த வியாழனும் உட்காருவேன்.

டீச்சர் எப்படி இருக்கிறாள்?

அன்புடன்,
அக்கா

*

மே 28

அக்கா,

நிறுத்து.

அந்தத் தையல்காரப் பெண் சொன்னதுதான் சரி. பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருந்துகொண்டு, எதையும் விடாமல் எண்ணவேண்டும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவன் நான். நானே சொல்கிறேன். சில விஷயங்களை எண்ணாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பெரிய டாக்டர் செய்ததும் ஒரு வைத்தியம்தான்.

பெட்டி வேண்டுமென்றால் வேறு வழியில் கேள். அமைச்சருக்கு எழுது, பத்திரிகைக்கு எழுது. நானே வரைந்து தருகிறேன்.

டீச்சரிடம் மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதே. கடிதத்திலும் வேண்டாம், நேரிலும் வேண்டாம், என்றைக்கும் வேண்டாம். அன்றைக்கு டாக்டர் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னார். அதன்மேல்தான் எங்கள் வீடு நிற்கிறது. நீ அதில் கை வைத்தால் நான் உன்னை மன்னிக்கமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

நர்ஸ் விடுதி,
ஜூலை 3

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? ஒரு வரி எழுதியிருக்கலாம். தபால்காரர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எழுதியதைவிட எழுதாமல் விட்டது அதில் அதிகம். கேட்கமாட்டேன். டீச்சரிடம் நானாக இந்தப் பேச்சை ஒருபோதும் எடுக்கமாட்டேன். இது அக்காவின் வாக்கு. ஆனால் நிறுத்து என்றாயே, அது மட்டும் என்னால் முடியாது. நீ தலைகீழாக நின்றாலும் முடியாது. இந்த மாதமும் ஒரு குழந்தை குளிரில் போயிற்று. வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்த என் கைக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பாடுபட்டது என்று.

நாலாவது வியாழன் ஒருத்தி வந்தாள். யார் தெரியுமா? அந்தத் தையல்காரப் பெண். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீரைத் தொடவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறாள், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நான் தயாராக இருந்தேன்.

"அவனை யாரு வச்சிருந்தா?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"உயிரோட இருந்தான்னீங்களே. அப்ப யாரு கையில இருந்தான்? மேஜையில சும்மா போட்டிருந்தாங்களா?"

ஓடிப்போய் அந்த நர்ஸைக் கூட்டி வந்தேன். அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், பிறகு சொன்னாள்: "நான்தான்க்கா வச்சிருந்தேன். என் மேல சாய்ச்சு வச்சிருந்தேன். போற வரைக்கும் கீழ வைக்கல." அந்தப் பெண் எழுந்து நர்ஸின் கையைப் பிடித்துப் பார்த்தாள், முன்னும் பின்னும் திருப்பி. பிறகுதான் அழுதாள். பிறகு, நான் கேட்காமலே, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

இவர்கள் என்ன கேட்டாலும் சொல்ல நான் ஆயிரம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன், தம்பி. இந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. இத்தனை வருட சர்வீஸ் எனக்கு எதற்கு?

அடுத்த வாரம் அவள் இன்னொருத்தியை அழைத்து வந்தாள். அதற்கடுத்த வாரம் மூன்று பேர். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போனவர்களும் உண்டு. அவர்களிடம் காகிதத்தைக் காட்டவேயில்லை. போன வியாழன் கதவைத் திறந்துகொண்டு பெரிய டாக்டர் வந்தார். "நானும் இருக்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு நாற்காலியை அவரே தூக்கி வந்து போட்டுக்கொண்டார். ஒரு அப்பா அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

பதில் போடு.

அன்புடன்,
அக்கா

*

நர்ஸ் விடுதி,
ஆகஸ்ட் 19

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டுக் கேட்டு என் பேனாதான் தேய்கிறது.

மனுக்கள் இன்று பதிவுத் தபாலில் போயின. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஒவ்வொன்றிலும் பெரிய டாக்டரின் கையெழுத்து இருக்கிறது. "என் கையால எழுதினதை என் கையாலதானே திருத்தணும்" என்றார். சட்டம் போட்ட அந்தப் பக்கத்தையும் அவரே கழற்றிவிட்டார். திருத்தப்போகிறோம் என்று முன்பே மேலிடத்துக்கு எழுதியிருந்தார்; அங்கிருந்து அவருக்கு மெமோ வந்திருக்கிறது: இத்தனை வருடம் ஏன் தவறாக எழுதினாய் என்று. உண்மையைச் சொன்னதற்குத்தான் மெமோ; தவறாக எழுதியபோது அவருக்கு ஆன செலவு டீ மட்டும்தான்.

கட்டு உன் மேஜைக்குத்தான் வரும். அக்கா அனுப்பினாள் என்று தள்ளிவிடாதே. அக்கா அனுப்பினாள் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார். தப்பாக இருந்தால் திருப்பி அனுப்பு. நான் திரும்பவும் அனுப்புவேன்.

அன்புடன்,
அக்கா

*

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

டீச்சர் எழுதுகிறேன். இங்கே உடம்பளவில் நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

உங்கள் கடிதங்களை எல்லாம் நான் படித்துவிட்டேன். அவர் படித்து முடித்து அலமாரிக்கு மேலே வைப்பார். எனக்கு எட்டாது என்று நினைப்பு. எனக்கு எட்டவேண்டும் என்று ஸ்டூல் வாங்கிப் போட்டதே அவர்தான். உங்கள் தம்பி ஊர் உலகத்து இறப்பையெல்லாம் கணக்கெடுப்பார், வீட்டில் ஒரு ஸ்டூல் இருப்பது தெரியாது.

மனுக் கட்டு வந்த அன்று, இது என் அக்காவின் மருத்துவமனை, நான் பார்ப்பது முறையில்லை என்று எழுதிக் கொடுத்து வேறொருவர் மேஜைக்கு மாற்றிவிட்டாராம். அவருடைய நண்பர் சொன்னார். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவினார். ஏற்கெனவே கழுவி வைத்ததையும் எடுத்துக் கழுவினார்.

அக்கா, நான் கேட்டேன். குழந்தை அழுதான். பெரிய அழுகை இல்லை. பூனைக்குட்டி மாதிரி, விட்டு விட்டு. திரைக்கு அந்தப் பக்கம். நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு நின்றுவிட்டது. டாக்டர் வந்து, உயிரில்லாமல் பிறந்தது என்றார். இல்லை, நான் கேட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது இவர் உள்ளே வந்தார். டாக்டர் அதையே இவரிடமும் சொன்னதும் இவர் முகத்தில் ஒரு நிம்மதி மாதிரி வந்தது. வலிக்காமல் போயிருக்கிறான் என்று நம்புகிறார், இருக்கட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். நான்கு வருடமாக மூடியே வைத்திருக்கிறேன். வகுப்பில் கத்துகிறேன் என்று கேலி செய்வீர்களே. வேறு எங்கே கத்துவது?

எனக்கும் அந்தத் தையல்காரப் பெண்ணின் கேள்விதான். யார் வைத்திருந்தார்கள்?

மனுவில் ஒருவர் கையெழுத்துப் போதும் என்று அவருடைய விதிப் புத்தகத்தில் படித்தேன். நான் போடுகிறேன். அனுப்புங்கள், பள்ளிக்கூட முகவரிக்கு. அவருக்குத் தெரியவேண்டாம். அவர் தாங்கமாட்டார்.

உங்கள்,
டீச்சர்

*

நர்ஸ் விடுதி,
செப்டம்பர் 20

என் கண்ணு டீச்சருக்கு,

அக்கா நலம். உன் கடிதம் வந்த அன்று வார்டில் யாரோடும் நான் பேசவில்லை. அக்காவுக்குக் காய்ச்சலா என்று எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பெரிய டாக்டரிடம் கேட்டேன். உன்னைச் சொன்னதுமே நினைவு வந்துவிட்டது அவருக்கு.

"கணக்கு டீச்சர் குழந்தையா? நான்தாம்மா வச்சிருந்தேன். சூட்டுக்கு எதுவும் இல்லை. ஜன்னல் பக்கம் கொஞ்சம் வெயில் விழுந்துச்சு. அங்க தூக்கிட்டுப் போய், வெயில் அவன் மேல படுற மாதிரி நின்னேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன்" என்றார்.

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "பாக்கலைம்மா. குழந்தையைப் பாக்கறதா, கடிகாரத்தைப் பாக்கறதா?" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவன் மேஜையில் கிடக்கவில்லை, கண்ணு. ஒரு நிமிடம்கூடக் கிடக்கவில்லை.

இனி மனு. விதிப்படி உன் கையெழுத்து ஒன்றே போதும். ஆனால் பள்ளிக்கூட முகவரிக்கு நான் அனுப்பமாட்டேன். நானாக உன்னிடம் இந்தப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், எடுத்தது நீ. உனக்கு நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவன் எனக்கு எழுதியதை உனக்குச் சொல்வது என் வேலையில்லை. ஆனால் அலமாரிக்கு மேலே அவன் ஒன்றை வைப்பதும், ஸ்டூல் போட்டு ஏறி நீ ஒன்றை எடுப்பதும் எத்தனை நாளைக்கு? அவன் தாங்கமாட்டான் என்று நீ சொல்கிறாய். நீ தாங்கமாட்டாய் என்று அவன் நினைக்கிறான். நாலு வருடமாக இரண்டு பேரும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், தனித் தனியாக.

படிவம் இதோடு இருக்கிறது. இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வை, அவன் தட்டுக்குப் பக்கத்தில். கோபம் வந்தால் என்மேல் வரட்டும். நான் ஏச்சு வாங்கிப் பழகிய உடம்பு. கையெழுத்துப் போடுவதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இருவர் இஷ்டம்.

அன்புடன்,
அக்கா

*

நவம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. உன் முட்டி எப்படி இருக்கிறது? மே மாதத்திலிருந்து உனக்கு எழுதாமல் இருந்ததற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் அலுவலகச் செய்தி. மனுக்களை என் நண்பர்தான் பார்த்தார். இரண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், சான்றில் தேதி இல்லை என்று. மற்றவை சேர்ந்துவிட்டன. உன் மருத்துவமனை முதலிடத்திலிருந்து இறங்கி, பட்டியலின் மோசமான முனைக்குப் போய்விட்டது. பத்திரிகைகள் இனி உங்களைக் கிழிக்கும். பெரிய டாக்டரை மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல். ஆனால் சிகிச்சைப் பிரிவு உங்களுக்குத்தான். ஆணை டிசம்பரில் வரும். சூட்டுப் பெட்டியை வைக்க ஒழுகாத அறை ஒன்றைப் பார்த்து வை.

இனி வீட்டுச் செய்தி. உன் கடிதம் என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தாள், சாப்பிடாமல். படித்தேன். கடிதத்தை மடித்தேன், விரித்தேன், திரும்பவும் மடித்தேன். கடைசியில், "எனக்கும் கேட்டுச்சு" என்றேன்.

"என்ன கேட்டுச்சு?" என்றாள்.

"கதவுக்கு வெளியே நின்னேன். அழுதான். நல்லா கேட்டுச்சு."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்ப டாக்டர் சொன்னதும் உங்க முகத்துல நிம்மதி வந்துச்சே?"

"உனக்குக் கேக்கலைன்னு நினைச்சேன். அதுக்கு வந்த நிம்மதி" என்றேன்.

அவள் எழுந்து வந்து என் முதுகில் ஒரு அடி வைத்தாள், அக்கா. நிஜமான அடி. பிறகு அங்கேயே நின்றாள். சாப்பாடு ஆறிப்போயிற்று. அதற்குப் பிறகு பல நாள் அவனைப் பற்றியே பேசினோம். பேச எங்களிடம் எவ்வளவு இருந்தது என்று எங்களுக்கே தெரியவில்லை.

உங்கள் பிரிவுக்கு எங்கள் மனு தேவைப்படவில்லை. அது இல்லாமலே எண் போதும். ஆனாலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறோம். சான்றில் பெரிய டாக்டரின் கையெழுத்தை வாங்கி நீயே பதிவுத் தபாலில் அனுப்பு. ஐந்து வருடம் முடிய இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.

படிவத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் சண்டை வந்தது. குழந்தை உயிருடன் இருந்த நேரம் எவ்வளவு என்று ஒரு கேள்வி. நான் வெளியே நின்று கேட்டது ஒரு நேரம், அவள் உள்ளே படுத்துக் கேட்டது ஒரு நேரம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. டாக்டரும் பார்க்கவில்லை. இப்படி இரண்டு தகவல் முரண்பட்டால் என்ன செய்யவேண்டும் என்று என் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமான விதி இருக்கிறது. நான் எழுதிய விதி. அதை நான் பார்க்கவில்லை. அவள் சொன்னதையே எழுதினேன். அந்தக் கணக்கில்தான் அவன் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தான்.

உன் தம்பி